நூறு வருஷத்துப் படம்

"ஏங்க, இவரு செத்து ஒரு நூறு வருஷம் இருக்குமா?" என்று அந்த அம்மாள் கேட்டபோது, புனிதா அவளுடைய முதுகில் தேயிலைக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு மலைக்குச் சுற்றுலா வந்திருந்தவள். ஜீன்ஸுக்கு மேலேயே சேலையைச் சுற்றி, தலையில் துண்டைக் கட்டி, கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், சுவரில் தொங்கிய படத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டாள். படத்தில் ஒரு வாலிபன். புருவத்தை மறைக்கும் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு, பின்னால் மங்கலாக மலைச்சரிவு. எண்ணெய்ச் சாயத்தில் தீட்டி எங்கோ பரணில் கிடந்து பழுத்ததுபோல ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

புனிதா கூடைக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"அவ்வளவு இருக்காதுங்க."

"தோட்டத்துக் கங்காணியா இருந்தவரோ?"

"ஆமாங்க."

பதினோரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். கங்காணியும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லோரி ஓட்டியவன், பெயர் ஷர்வின், என் கூடப்பிறந்த தம்பி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விடுமுறைக்கு வந்தவர்களை அழவைத்து அனுப்புவதற்காக அந்தக் கடை நடக்கவில்லை. புனிதா அந்த அம்மாளைப் பச்சைத் துணிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கையைக் கொழுந்து கிள்ளுவதுபோல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் வைத்துக்கொண்டாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கிளிக் என்றது காமிரா.

பிரிஞ்சாங்கில் மாடியில் இருக்கும் அந்தக் கடை மகேனுடையது. கீழே ஸ்ட்ராபெர்ரி ஜாம், காளான் பொரியல், லவெண்டர் சோப்பு என்று விற்கும் கடைகள். மேலே வந்தால் பழைய காலம். ஆட்களுக்குச் சேலை, வேட்டி, தலைப்பாகை கொடுத்து மகேன் படம் எடுப்பார். கணினியின் முன்னால் உட்கார்ந்து புனிதா அவர்களைப் பழசாக்குவாள். முதலில் நிறத்தை இறக்கிப் பழுப்பை ஏற்றுவாள். பிறகு தூரிகைத் தடம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தோல், துணி, பின்னால் இருக்கும் மலை எல்லாம் கரைந்து, யாரோ ஓவியன் மாதக்கணக்கில் நின்று தீட்டியதுபோல் ஆகிவிடும். அதன் மேல் வெடிப்பு, அதற்கும் மேல் கறை. வெடிப்புக்கு அவள் வெளியில் எங்கும் தேடவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டின் பின்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்த இடத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கறைக்குப் பால் கலக்காத கெட்டியான சாயத் தேத்தண்ணியைத் தாளில் ஊற்றிக் காயவைத்து ஸ்கேன் செய்தாள். "தோட்டத்துச் சுண்ணாம்பு, தோட்டத்துத் தேத்தண்ணி. நூத்துக்கு நூறு ஒரிஜினல் பழசு லா!" என்று மகேன் வருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

நிஜமாகவே அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குப் படமே கிடையாது. புனிதாவின் தாத்தா சின்னக்கருப்பன் அறுபது வருஷம் இந்த மலையில் கூடை சுமந்தவர். அவருக்கென்று இருந்த ஒரே முகம் அடையாள அட்டையில் இருந்த கட்டைவிரல் அகல முகம்தான். அதைப் பெரிதாக்கித்தான் வீட்டில் மாட்டியிருந்தார்கள். படத்தில் அவர் யாரோ அதட்டியதுபோல விழித்துக்கொண்டிருப்பார்.

சுவரில் இருந்த 'கங்காணி'யை அவள் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. கடை திறந்த புதிதில் மாதிரிக்கு மாட்ட ஒரு படம் வேண்டும் என்று மகேன் பறந்தார். அன்றைக்குப் பார்த்து ஷர்வின் லோரியைக் கீழே நிறுத்திவிட்டு அக்காவிடம் சார்ஜர் வாங்க மேலே வந்தான். பிடித்து நிறுத்திக் கோட்டை மாட்டினார்கள். இடுப்புக்கு மேலே கங்காணி, இடுப்புக்குக் கீழே பந்து விளையாடும் அரைக்கால் சட்டையும் ரப்பர் ஜப்பான் சிலிப்பரும். "தலைப்பாவ இன்னும் கீழ இறக்குக்கா. மூஞ்சி தெரிஞ்சா நம்ம பையனுங்க ஒரு வருஷத்துக்கு ஓட்டுவானுங்க லா," என்றான். இறக்கினாள். பிரம்பைப் பிடித்துக்கொண்டு அவன் முறைத்த முறைப்பில் மகேன் சிரித்துச் சிரித்து, மூன்று முறை படம் ஆடிப்போனது.

போன ஆண்டு ஐப்பசியில், ரிங்லெட் இறக்கத்தில், மழையில் மோட்டர் சைக்கிள் வழுக்கி அவன் போய்விட்டான். இருபத்து நாலு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து புனிதா வேலைக்குத் திரும்பிய அன்று மகேன் அந்தப் படத்தைக் கழற்றப் போனார். "இருக்கட்டும்ணே," என்றாள் அவள். அதற்குப் பிறகு யாராவது அந்தப் படத்தைக் காட்டி விசாரித்தால், வாய் ஓயாத மனிதர், காமிராவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இருக்கட்டும் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவள் தம்பியின் முகம் வேறு எந்தச் சுவரிலும் இல்லை. வீட்டிலும் இல்லை.

வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று ஆணிகள். முதல் ஆணியில் சின்னக்கருப்பன். இரண்டாவதில், இறந்து பத்து வருஷமாகும் அப்பா மாடசாமி. மூன்றாவது ஆணி மொட்டையாக நின்றது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் புனிதா தானே ஒரு படம் செய்தாள். இருக்கிறதிலேயே நல்ல படமாக எடுத்து, முகப்பருவை நீக்கி, கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்து, பின்னால் நீல வானம் வைத்து, பெரிதாக அச்சுப் போட்டாள். தொழில் தெரிந்தவள் அல்லவா, படம் அப்படியே உயிரோடு வந்து நின்றது. அதுதான் தவறாகப் போனது. அம்மா திலகம் வெற்றிலைத் தட்டோடு உள்ளே வந்தவள் படத்தைப் பார்த்தாள். தட்டு கையிலிருந்து போனது, ஆளும் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, "கண்ண முழிச்சிப் பாக்குறான்டி, எடுத்துருங்கடி," என்று கத்தினாள். முகம் தெரியாத அளவுக்கு மாலைகளைப் போட்டு மூடி அன்றைய காரியத்தை முடித்தார்கள். அன்று துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்த படம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அம்மா அதற்குப் பிறகு மகனின் எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. புனிதாவின் கைப்பேசியில் அவன் குரல் கேட்டால்கூட எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். தேயிலை நாற்று மேடைக்கு வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். அழுதும் யாரும் பார்க்கவில்லை.

இப்போது வருஷத் திதி வருகிறது. சித்தப்பா ராமையா ரிங்லெட்டிலிருந்து வாரம் தவறாமல் போன் அடித்தார்.

"போட்டோ இல்லாம யாருக்குப் படைக்கிறது? ஆணிக்கா?" என்றார் ஒருநாள். பிறகு அவருக்கே மனசு கேட்காமல், "அண்ணிகிட்ட எடுத்துச் சொல்லும்மா. ஆறிலும் சாவு நூறிலும் சாவு," என்றார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த திலகம், கீரையை ஆய்ந்தபடியே சொன்னாள்:

"ஆறும் இல்ல, நூறும் இல்ல. இருவத்தி நாலு."

சித்தப்பா அதோடு போனை வைத்துவிட்டார்.

திதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திலகம் கடைக்கு வந்தாள். அதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை. முழங்கால் வலி, மாடிப்படி அவளுக்கு ஆகாது. அன்றைக்கு, தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டு, மகளோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று பிரிஞ்சாங்கில் இறங்கியிருக்கிறாள். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறிவிட்டாள். புனிதா திரும்பிப் பார்த்தபோது அம்மா வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி தலையை நிமிர்த்தினாள். எதிரே கங்காணி.

புனிதா ஓடிப்போய் அம்மாவுக்கும் படத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"தள்ளு," என்றாள் திலகம்.

"வேணாம்மா. வா, கீழ போயிரலாம்."

"தள்ளுன்னேன்ல."

தள்ளி நின்றாள். அம்மா விழவில்லை. கத்தவில்லை. ஈரக் குடையைக் கீழே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்க்கத் தொடங்கினாள். மகேன் மெதுவாகப் பின்னறைக்குப் போய்விட்டார். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா இப்படி உட்கார்ந்து ஒன்றைப் பார்த்துப் புனிதா பல மாதங்களாகக் கண்டதில்லை. பசித்தவள் சாப்பிடுவதுபோல் பார்த்தாள். அவசரம் இல்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை.

"எப்ப எடுத்தது?"

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"ரொம்பப் பழசா இருக்கே."

"நான்தாம்மா பழசாக்குனேன். கம்ப்யூட்டர்ல."

திலகம் தலையை ஆட்டினாள். படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒங்கப்பா போட்டோவப் பாத்தா எனக்கு ஒண்ணும் செய்யிறதில்ல. அவரு பழசாயிட்டாரு. ஒங்க தாத்தாவும் அப்படித்தான். இவன் ஒருத்தன்தான் புதுசாவே நிக்கிறான். இப்பத்தான் சோறு தின்னு கையக் கழுவிட்டு வெளிய போன மாதிரி. எப்படிப் புள்ள பாக்குறது?"

அம்மாவின் வாயிலிருந்து தம்பியைப் பற்றி இவ்வளவு பேச்சு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

"இதே மாதிரி பழசாக்கிக் குடு. ஒங்கப்பா பக்கத்துல மாட்டிக்கலாம்."

"இதையே எடுத்துட்டுப் போலாமாம்மா?"

"வேஷங்கட்டுன படத்துக்கா படைக்கிறது? அவன் சட்டையோட இருக்கட்டும்." எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். "நல்லாப் பழசா. ரொம்ப நாளு ஆன மாதிரி."

மறுநாள் பனி மூடி, ஊருக்குள் சுற்றுலா பஸ் ஒன்றுகூட ஏறவில்லை. கடையில் ஆளில்லை. புனிதா தம்பியின் கடைசி தீபாவளிப் படங்களைத் திறந்தாள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், சோளம் விற்கும் தள்ளுவண்டிக்கு முன்னால் அவன் நிற்கும் படம் ஒன்று. அவள்தான் எடுத்தது. வாயில் பாதிச் சோளம், முகம் பூராவும் சிரிப்பு, ஒரு காதில் வெள்ளையாக ஒரு இயர்போன். நெற்றியில் விழும் முடியில் செம்பட்டைச் சாயம். கறுப்புச் சட்டையில் ஏதோ பந்தாட்டக் குழுவின் பெயர். பின்னால் பச்சையும் சிவப்புமாகக் கடை விளக்குகள்.

பழைய காலத்தில் இல்லாதது எதுவும் பழைய படத்தில் இருக்கக் கூடாது. அது இந்தத் தொழிலின் முதல் பாடம். சுற்றுலாக்காரர்களின் கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் தினம் அழிக்கிற கைதான். முதலில் இயர்போனை அழித்தாள். அவன் எப்போதும் அதை மாட்டிக்கொண்டு, கூப்பிட்டால் காதில் விழாமல், அம்மாவிடம் திட்டு வாங்குவான். அடுத்துச் சட்டையின் எழுத்துகள். அந்தக் குழு தோற்ற இரவுகளில் வீட்டில் சாப்பிடாமல் படுத்துவிடுவான். பிறகு செம்பட்டை. அதற்காகத் திலகம் அவனை விளக்குமாற்றோடு லயத்தைச் சுற்றி விரட்டியதை ஊரே பார்த்துச் சிரித்தது. சோளத்தை எடுத்தாள், வாயை மூடினாள். விளக்குகளை எடுத்துவிட்டு வெறும் பழுப்பை வைத்தாள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கத் தம்பி அமைதியானவனாக, நல்லவனாக, யாரோ ஒருவனாக ஆகிக்கொண்டே வந்தான். தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கை நிற்கவில்லை. அம்மா கேட்டது இதைத்தான்.

கடைசியில் தூரிகைத் தடத்துக்கான பொத்தானை அழுத்தினாள். படம் ஒருமுறை கலங்கித் தெளிந்தது. அந்தப் பொத்தானுக்குச் சின்னச் சின்ன விஷயங்கள் ஆகாது. முகப்பரு, இமைமுடி, தோலின் துளைகள், மெல்லிய கோடுகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் பெரிய பெரிய வண்ணத் திட்டுகளை மட்டும் வைக்கும். புனிதா முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடது புருவத்தில் ஏதோ குறைந்தது. அங்கே வால்பக்கம், ஒரு நெல் நீளத்துக்கு, முடி முளைக்காத தழும்பு ஒன்று இருக்கும். அதைக் காணோம். புருவம் ஒரே வீச்சில், சினிமா நடிகன் புருவம்போல இருந்தது.

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். அதில் ஒருவன் போய்விட்டான்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு, அவனுக்கு நாலு. பள்ளி விடுமுறை. அம்மாவுக்குச் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். அம்மா கொழுந்து வெட்டும் கத்தரியைத் தேயிலை நிரை ஓரத்தில் வைத்துவிட்டுக் கொழுந்து மூட்டையோடு எடை போடும் நிறுவைக்குப் போயிருந்தாள். புனிதாவுக்கு ரொம்ப நாளாகவே அந்தக் கத்தரியின் மேல் ஆசை. எடுத்து வெட்டிப் பார்த்தாள். எனக்கும் குடு என்று தம்பி பிடியைப் பிடித்துக்கொண்டான். அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். முனை அவன் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அம்மா ஓடிவந்தபோது, "விழுந்துட்டாம்மா, கல்லு பட்டுருச்சு," என்றாள். அந்தப் பொய் அவளுக்காகத் தயாராகக் காத்திருந்ததுபோல வாயில் வந்துவிட்டது. அம்மா தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டி, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு தையல். இன்னும் அரை விரல் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டிரஸ்ஸர். இருபது வருஷம் தம்பியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அவள் கண் போகும் இடம் அதுதான்.

இப்போது அது இல்லை. அவள் அழிக்கவில்லை, தானாகப் போயிருந்தது. முதலில் அவள் மனசுக்குள் வந்தது ஒரு நிம்மதி. வந்த மறுகணமே அந்த நிம்மதியைக் கண்டு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சின்னத் தூரிகையை எடுத்தால் தழும்பைத் திரும்ப வரைவது அரை நிமிஷ வேலை. எடுத்தாள். புருவத்தின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். சுவரில் இருக்கும் கங்காணியை அம்மாவால் பார்க்க முடிந்ததே, ஏன்? தலைப்பாகை புருவத்தை மறைத்திருந்தது. தழும்பு தெரிந்தால் அவன் ஷர்வின் ஆகிவிடுவான், மறுபடியும் தட்டு விழும், ஆள் விழும். அம்மாவுக்காகத்தான் விடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மைதான். தூரிகையை மூடிவிட்டுச் சுண்ணாம்பு வெடிப்பை ஏற்றினாள். தேத்தண்ணிக் கறையை ஏற்றினாள்.

துணியில் அச்சிட்டுச் சட்டம் போட்டு, கண்ணாடியும் வைத்து முடித்தபோது மகேன் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கப்பா காலத்து ஆளு மாதிரி இருக்கான் லா," என்றார். பிறகு எதையோ தேடுகிறவர்போலப் பின்னறைக்குப் போனவர், புனிதா கிளம்பும் வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் திலகம் படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். புனிதா அம்மாவைத் தாங்கிப் பிடிக்கத் தயாராகப் பக்கத்தில் நின்றாள். தேவைப்படவில்லை. அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், அப்பாவின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அன்று அம்மா நன்றாகச் சாப்பிட்டாள். திதி வரைக்கும் தினம் காலையில் அந்தப் படத்தைத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். புனிதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா அந்தப் படத்தைத் துடைத்த விதத்தில் அவளுக்கு ஏதோ உறுத்தியது. தாத்தா படத்தையும் அம்மா அப்படித்தான் துடைப்பாள், ஓரம் ஓரமாக, முகத்தில் கை நிற்காமல்.

திதியன்று வீடு நிறைந்துவிட்டது. சித்தப்பா ராமையா முதல் நாளே வந்து வாழையிலைக் கட்டோடு உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு சுபத்ரா சமையலுக்கு வந்தாள். கோழிக் குழம்பு, நெத்திலிச் சம்பல், வடை, பாயாசம். எல்லாவற்றுக்கும் ஓரமாக, அவனுக்குப் பிடிக்கும் என்று ஒரு தட்டு மேகி கோரேங், வறுத்த நூடல்ஸ். சித்தப்பா அதைப் பார்த்து வாயைத் திறந்தவர், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் படத்தை வைத்தார்கள். குத்துவிளக்கு எரிந்தது. சாம்பிராணி புகைந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு," "பெயிண்டிங் கணக்கா இருக்கு," என்றார்கள். யாரும் அழவில்லை. வருஷம் ஒன்று ஆகிவிட்டது, அழுகை கொஞ்சம் குறைந்திருக்கும் என்று புனிதா நினைத்துக்கொண்டாள்.

சுபத்ராவின் மகள் துளசிக்கு ஆறு வயது. ஷர்வின் இருந்தவரைக்கும் அவனுடைய மோட்டரின் முன்பக்கம் அவளுடையது. மாலையில் அவன் வேலைவிட்டு வந்தால், லயத்தை மூன்று சுற்றுச் சுற்றாமல் அவள் இறங்க மாட்டாள். அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, படத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"பாட்டி, ஷர்வின் மாமா போட்டோ எங்க?"

சுபத்ரா எழுந்து வந்து பிள்ளையின் தோளைக் கிள்ளினாள். "இதான்டி மாமா. சும்மா இரு."

"இது மாமா இல்ல," என்றாள் துளசி. கிள்ளு பட்டதில் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "இது யாரோ தாத்தா."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுபத்ரா வெளியே போய்விட்டாள். புனிதா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு பிள்ளை வந்து சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பொத்தானை அழுத்திய அன்றே தெரிந்ததுதானே. அம்மாவைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள்.

திலகம் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். மோதிர விரலால் தொட்டு, கண்ணாடிக்கு மேல் மகனின் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள். அதன் நடுவில் குங்குமம். மாலை போடவேண்டும், சித்தப்பா மாலையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளினாள். காம்பின் முனையைச் சந்தனத்தில் தோய்த்தாள். முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது புருவத்தின் வால்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். ஒரு நெல் நீளம். சரியாக அந்த இடம்.

"புருவத்த விட்டுட்டியே, புள்ள," என்றாள்.

புனிதாவுக்குள் இருபது வருஷமாக இறுகிக் கிடந்தது அறுந்தது. "அம்மா, அது கல்லு இல்லம்மா," என்றாள். ஊரே கேட்கிறது என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. "கத்தரிம்மா. நான்தான் வெடுக்குன்னு..."

"தெரியும்."

புனிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"டிரஸ்ஸரு தையல் போடுறப்பவே அவனே சொல்லிட்டான். மடியில கெடந்துக்கிட்டு, என் காதுல." திலகம் வெற்றிலைக் காம்பைத் தாம்பாளத்தில் வைத்தாள். "'அக்காவ அடிக்காதம்மா'ன்னான். நாலு வயசுப் புள்ள. ஊசி குத்துது, அதுக்கு அழுவல. நீ அடி வாங்கிருவியேன்னு அழுவுறான்."

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. பதினாறாம் நாள் வராதது, ஒரு வருஷம் நாற்று மேடையிலும் அடுப்படியிலும் யார் கண்ணிலும் படாமல் தேங்கிக் கிடந்தது, குரலெடுத்து வந்தது. சித்தப்பா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இரண்டு பெண்கள் எழுந்து ஓடிவந்தார்கள். திலகம் அவர்களை விலக்கினாள். விழவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல், முகத்தைத் திருப்பாமல், மகனையே பார்த்து அழுதாள். புனிதா போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அவளும் பார்த்தாள்.

விளக்கின் சூடு கண்ணாடியில் பட்டுக்கொண்டிருந்தது. ஈரத்தில் கருத்திருந்த சந்தனக் கோடு ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்தது. காயக் காய வெளுத்தது, அந்தப் புருவத்தில் இருபது வருஷம் இருந்த அதே வெளுப்பு.